பண்டிகைக் கறி மிஞ்சினால் நூடுல்ஸ்: குமரி மாவட்டத்து அடுப்படிக் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம்ம மாவட்டத்தில் பாதி வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரே காட்சிதான். அரைச் சட்டி கோழிக்கறி, ஒரு டப்பா மாட்டிறைச்சி ரோஸ்ட், நாலைந்து இடியாப்பம், ரோஸ்டுக்கு அலங்காரமாக வெட்டி யாரும் தொடாத வெங்காயம், கேரட். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3இல் முடிந்தாலும் இதே கதை, ஓணத்துக்கும் இதே கதை, என்ன, அப்போது எல்லாம் சைவம். மறுபடியும் ஆப்பம் ஊற்றி அதே கறியா என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் வதக்கிப் போட்டுவிடலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கிற செய்முறைகள் எல்லாம் தேங்காய் இல்லாத ஊர்க்காரர்கள் எழுதியவை. நம்ம கறியில் தேங்காய் இல்லாமல் என்ன இருக்கிறது? அந்தச் சிக்கலில் இருந்து வருகிற கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

எந்தக் கறி மிச்சம் நூடுல்ஸுக்கு ஒத்துவரும்?

சாறு வற்றியது எதுவும் ஒத்துவரும். முதல் இடம் சந்தேகமே இல்லாமல் மாட்டிறைச்சி ரோஸ்டுக்கு. அதிலும் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப்போட்டு, நல்லமிளகு தூக்கலாக, கறுப்பாக வரும்வரை வறுத்தது என்றால் நூடுல்ஸுக்கென்றே செய்தது போல இருக்கும். அடுத்தது பொரித்த கோழி: எலும்பிலிருந்து பிய்த்து எடுத்து, அந்த மொறுமொறுப்பான தோலைத் தனியாக வைத்து, கடைசியில் மேலே தூவுங்கள், உள்ளே போட்டுக் கிளறினால் ஊறிப்போய்விடும். ஆட்டிறைச்சி வறுவலும் நல்லதுதான், ஆனால் ஃபிரிட்ஜில் இருந்து எடுக்கும்போது கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும், அதை நன்றாக உருக்கிய பிறகே நூடுல்ஸைப் போட வேண்டும், இல்லையென்றால் வாயில் மெழுகு ஒட்டியது மாதிரி ஆகிவிடும். பிரியாணியில் மிஞ்சிய இறைச்சித் துண்டுகளையும் பொறுக்கி எடுக்கலாம், சோறு மட்டும் ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இறைச்சியாக இருந்தாலும் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வேண்டாம். நூடுல்ஸோடு சேர்த்து ஒரே வாயில் எடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் நூடுல்ஸ் தனி, கறி தனி என்று தட்டில் பிரிந்து கிடக்கும்.

குழம்பாகத்தான் மிஞ்சியிருக்கிறது, தேங்காய் அரைத்த கறி. என்ன செய்வது?

முக்கியமான கேள்வியே இதுதான். அப்படியே கவிழ்த்து ஊற்றினால் நூடுல்ஸ் சாறை உறிஞ்சிக் கூழாகும், அரைத்த தேங்காய் சட்டியின் அடியில் பிடித்துக் கருகும், மொத்தத்தில் நாய்க்குக்கூடப் போட முடியாது. ஆனால் அந்தக் குழம்பில்தான் வீட்டு மசாலாவின் முழு ருசியும் இருக்கிறது, கொட்டவும் மனசு வராது.

வழி இருக்கிறது. கறியை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் சூடு பண்ணாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், ஆகவே குளிர்ந்த கறியின் மேல் ஒரு சிவப்பு ஏடு படிந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுங்கள். மிளகாய், மல்லி, மசாலா எல்லாம் இறங்கிய எண்ணெய் அது, நூடுல்ஸ் வதக்க வேறு எண்ணெயே வேண்டியதில்லை. அடுத்து இறைச்சித் துண்டுகளைக் கையால் பொறுக்கி, ஒட்டியிருக்கிற குழம்பை வழித்து விட்டு, எலும்பை நீக்கிப் பிய்த்து வையுங்கள். மிச்சக் குழம்பில் அடியில் தங்கியிருக்கிற கெட்டியான பகுதி மூன்று மேசைக்கரண்டி, இரண்டு பேருக்கு அதுவே தாராளம். இதைச் சட்டியில் போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சுருண்டு வரும்வரை வதக்குங்கள். கொத்துப் புரோட்டாவுக்குச் சால்னா ஊற்றிக் கொத்துகிறார்களே, அதே வேலைதான், ஆனால் அவர்கள் ஊற்றுவதைவிட நீங்கள் வற்ற வைக்க வேண்டும்.

வறுத்தரைத்த கறி என்றால் இது அருமையாக வரும், ஏற்கனவே தேங்காய் வறுபட்டுத்தானே இருக்கிறது. தீயல், அதாவது தேங்காய் வறுத்தரைத்த புளிக்குழம்பு, மிஞ்சியிருந்தாலும் இதே மாதிரி செய்யலாம், புளிப்பு இருப்பதால் கீழே செய்முறையில் வருகிற வினிகர் வேண்டாம். பச்சைத் தேங்காய் அரைத்தது என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம், தீயைக் குறைத்து. தேங்காய்ப்பால் ஊற்றிய இஷ்டு? வேண்டாம். அதன் இனிப்பும் சோயா சாஸும் சேராது. அதற்கு ஆப்பம்தான் ஜோடி, விட்டுவிடுங்கள்.

எந்த நூடுல்ஸ் வாங்க வேண்டும்?

மளிகைக் கடையில் ஹக்கா நூடுல்ஸ் என்று நீளமாக, மசாலா பாக்கெட் இல்லாமல் விற்பது. ஹக்கா நூடுல்ஸ் கைவசம் இல்லையென்றால் கடைக்கு ஓட வேண்டாம், இரண்டு நிமிட நூடுல்ஸ் போதும், ஆனால் அதில் வருகிற மசாலாவைப் போடாதீர்கள். உங்கள் கறியிலேயே மசாலா இருக்கிறது, உப்பும் இருக்கிறது, அதுவும் இதுவும் சேர்ந்தால் தொண்டை எரியும். அந்த வகைகளில் பலவும் எண்ணெயில் பொரித்து உலர்த்தியவை, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வேகிறது, அதனால்தான் சட்டியில் கொஞ்சம் அதிக நேரம் விட்டால் உடைந்து குழைகிறது. ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ 1958இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது வெந்நீரை ஊற்றி மூடி வைத்துச் சாப்பிடுவதற்குத்தான் கொண்டுவந்தார், வதக்குவதற்கு அல்ல. ஹக்கா என்று நாம் சொல்கிற வதக்கல், கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் அடுப்படியில் இருந்து நாடு முழுக்கப் பரவியது.

சேமியாவிலும் செய்யலாம். அது உப்புமா ஆகிவிடாமல் இருக்க வேண்டும் என்றால் நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்துவிடுங்கள், அளவுத் தண்ணீர் வைத்து வற்ற விடாதீர்கள்.

நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். தண்ணீர் குறைவு, அதிக வேக்காடு, சூட்டோடு சட்டியில் போட்டது. 150 கிராம் நூடுல்ஸுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் தளதளவெனக் கொதிக்க வேண்டும், உப்பு ஒரு டீஸ்பூன். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து எடுங்கள், ஏனென்றால் சட்டியில் மறுபடியும் வேகும். கடித்துப் பார்த்தால் நடுவில் லேசாக உறுத்த வேண்டும். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, மேலே இருக்கிற மாவுப் பசையைப் போக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி, பெரிய தட்டில் பரப்பி ஆற விடுங்கள். விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் போதும். நம்ம ஊர் ஈரக்காற்றில் மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் ஆகும்.

இடியாப்பம் மிஞ்சியிருக்கிறது. நூடுல்ஸுக்குப் பதில் அதைப் போடலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் நூடுல்ஸ் போல நடத்தினால் தூளாகிவிடும், கோதுமையில் இருக்கிற இழுவை அரிசி மாவில் கிடையாது. அன்றைக்குச் செய்த இடியாப்பம் உதவாது, மெத்தென்று இருக்கும். ஃபிரிட்ஜில் ஒரு இரவு இருந்து விறைத்ததுதான் சரி, குளிரில் அரிசியின் மாவுச்சத்து இறுகுவதால் இழை கொஞ்சம் நிற்கும். கையால் மெதுவாகப் பிரித்து, இரண்டு அங்குல நீளத்துக்கு உதிர்த்து, கடைசியில் போட்டு, கரண்டியால் கிளறாமல் இரண்டு தோசைத் திருப்பியால் அடியில் இருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். சோயா சாஸ் வேண்டாம், நிறம் அசிங்கமாகிவிடும். முட்டை, உள்ளி (வெங்காயம்), பச்சை மிளகாய், நல்லமிளகு, கறிவேப்பிலை, கறி. அவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

இடியாப்பம் ரொம்ப உலர்ந்து கம்பி மாதிரி ஆகியிருந்தால் மேலே தண்ணீர் தெளித்து இட்லிச் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி, ஆற வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, முழுச் செய்முறை சொல்லுங்கள்.

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட: உலர்ந்த நூடுல்ஸ் 150 கிராம், எலும்பு நீக்கிப் பிய்த்த கறி ஒரு கப், முட்டை 2, முட்டைக்கோஸ் மெலிதாக அரிந்தது ஒரு கப், கேரட் 1, பீன்ஸ் ஏழெட்டு, சின்ன உள்ளி ஒரு கைப்பிடி, பூண்டு 4 பல், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு கொத்து, சோயா சாஸ் 2 டீஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், இடித்த நல்லமிளகு அரை டீஸ்பூன்.

எல்லாவற்றையும் அரிந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். ஆரம்பித்த பிறகு உள்ளி உரிக்கப் போனால் முடிந்தது. இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், முட்டையை உடைத்து ஊற்றி முக்கால் வேக்காட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். அதே சட்டியில் கறியில் இருந்து வழித்த எண்ணெய், பூண்டு, இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை, உள்ளி. உள்ளி ஓரம் சிவந்ததும் கறித் துண்டுகளைப் போட்டு ஆவி பறக்கும்வரை, உள்ளே வரை சூடேறும்வரை வதக்குங்கள், இதில் அவசரம் வேண்டாம். குழம்பு சேர்ப்பதாக இருந்தால் இப்போது, வற்ற விடுங்கள். அப்புறம் கேரட், பீன்ஸ், ஒரு நிமிடம் கழித்து முட்டைக்கோஸ், தீ முழுதாக எரியட்டும். காய் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸ். சோயா சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள், சூட்டில் பட்டு வாசம் ஏறும். முட்டையைத் திரும்பப் போட்டு, புரட்டி, வினிகர், மிளகு, இறக்கி விடுங்கள். உப்பு? முதலில் ஒரு வாய் தின்று பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

நான்கு பேருக்கு என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரே சட்டியில் குவித்தால் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, வதக்கல் அவியல் ஆகிவிடும்.

கடையில் வருகிற அந்தப் புகை வாசம் வீட்டில் வருமா?

முழுதாக வராது. கடை அடுப்பின் தீ வீட்டு கேஸ் அடுப்பைப் போலப் பல மடங்கு. விறகடுப்பு இருக்கிற வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், காய்ந்த தேங்காய் மட்டையும் சிரட்டையும் போட்டு எரித்தால் கடைக்காரரே தோற்பார். கேஸ் அடுப்பில் செய்கிறவர்கள் குறைவான அளவு, கனமான இரும்புச் சட்டி, நூடுல்ஸைப் போட்டதும் அரை நிமிடம் கிளறாமல் அடியில் லேசாகச் சிவக்க விடுவது, இந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெயில் செய்யலாமா? நல்லெண்ணெய்?

தேங்காய் எண்ணெய்தான் நம்ம கறிக்கு இசையும். செக்கில் ஆட்டிய எண்ணெய் ஏறக்குறைய 175 டிகிரியில் புகைய ஆரம்பித்துவிடும், ஆகவே புகை கிளம்பும்வரை காத்திருக்காமல் எண்ணெய் நெளிந்ததுமே உள்ளியைப் போடுங்கள். புகைந்துவிட்டால் ஒரு காரல் வரும், அது கடைசி வரை போகாது. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

மீன் மிச்சத்தைப் போடலாமா?

மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். புளியும் தேங்காயும் போட்ட மீன்கறி மறுநாள்தான் ருசி என்பது குமரிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அதை மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்குக்கு) வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த நெய்மீன் இரண்டு துண்டு மிஞ்சியிருந்தால் முள் எடுத்து உதிர்த்து, இறக்கும்போது சேர்க்கலாம். இறால் வறுவல் மிகவும் நல்லது, சூடு ஏறியதும் எடுத்துவிடுங்கள், இல்லையேல் ரப்பர்.

ஒரு எச்சரிக்கை. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்கள் சமைப்பதற்கு முன்னாலோ பின்னாலோ வெளியே அதிக நேரம் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். அது சூட்டில் அழியாது, எவ்வளவு வறுத்தாலும் பயனில்லை. எப்போது வெளியே வைத்தோம் என்று ஞாபகம் இல்லாத மீனைப் போட வேண்டாம்.

மரச்சீனி?

நூடுல்ஸோடு மாவு மேல் மாவு. வேண்டாம். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய இந்தக் கிழங்கு நம்ம பசியை எத்தனையோ காலம் ஆற்றியிருக்கிறது, அதை மரியாதையாகத் தனியாகத் தாளித்துச் சாப்பிடலாம்.

ஓணத்துக்கு மிஞ்சியது எல்லாம் சைவம். அதில் ஏதாவது?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், ஓணம் இங்கே பல வீடுகளில் சொந்தப் பண்டிகைதான், ஆகவே கேள்வி நியாயம். துவரன்தான் பதில். பீன்ஸ் துவரன், முட்டைக்கோஸ் துவரன், கேரட் துவரன், எதுவானாலும் ஏற்கனவே பொடியாக அரிந்து, வெந்து, ஈரம் வற்றி இருக்கும். புதிதாகக் காய் அரியவே வேண்டாம், நூடுல்ஸ் வதங்கியதும் துவரனைப் போட்டு இரண்டு நிமிடம். தேங்காய்த் துருவல் லேசாக வறுபட்டு நல்லாவே இருக்கும். இஞ்சிக்கறியில் ஒரு டீஸ்பூன் எடுத்துச் சோயா சாஸுக்குப் பதிலாகக் கலந்து பாருங்கள்: புளிப்பு, இனிப்பு, காரம், இஞ்சி எல்லாம் அதில் இருக்கிறது, பாட்டில் சாஸ் எதுவும் தோற்கும். ஏத்தங்காய் உப்பேரியை (நேந்திரங்காய் வறுவலை) கையால் நொறுக்கி மேலே தூவலாம்.

அவியல், எரிசேரி, புளிசேரி மூன்றையும் பக்கத்திலேயே விடாதீர்கள். தயிரும் பரங்கியும் நூடுல்ஸில் போய் என்ன செய்யும்?

கறியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சமைத்த இறைச்சி ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு. கிறிஸ்துமஸ் கறியைப் புத்தாண்டுக்கு எடுப்பதாக இருந்தால் முதல் நாளே சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஆனால் எண்ண வேண்டிய கணக்கு நாள் மட்டும் அல்ல. விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், கறிச்சட்டி காலையில் இருந்து மேசை மேலேயே இருக்கும், சாயங்காலம்தான் யாருக்காவது ஞாபகம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தது சந்தேகம்தான், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம். தேங்காய் அரைத்தது வேகமாக ஊசிப்போகும், அது உங்களுக்கே தெரியும். பரிமாற வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை ஆறியதும் ஆழம் குறைந்த பாத்திரத்தில் உள்ளே வைத்துவிட்டால் தலைவலி இல்லை.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியபடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் இறைச்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வேக வைத்த நூடுல்ஸ், இடியாப்பம், சோறு மூன்றுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. வெளியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து, வாந்தி உண்டாக்குகிற நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சும் மறுபடி சூடாக்கினால் போகாது. காலையில் வேக வைத்து, இரவில் வதக்கிக்கொள்ளலாம் என்று அடுப்பு மேலேயே விட்டுப் போகாதீர்கள்.

அஜினோமோட்டோ போட வேண்டுமா?

தேவையில்லை. கறிச்சாறிலும் சோயா சாஸிலும் அந்த ருசி இருக்கிறது. போட விரும்பினால் ஒரு சிட்டிகை, அதற்குச் சண்டை போட வேண்டாம்.

பாட்டி சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய?

நூடுல்ஸ் என்று சொல்லாமல் இடியாப்பத்தில் செய்து, நல்லமிளகு கொஞ்சம் தூக்கலாக, சோயா சாஸ் இல்லாமல் கொடுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் அவர்கள் சொல்வதுதான் சரி, கஞ்சியும் துவையலும் எடுத்து வையுங்கள்.

மிஞ்சிய கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு?

நூடுல்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்! முந்திரிக்கொத்து மிஞ்சுகிற வீடும் இருக்கிறதா?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று டிபன் பாக்ஸில் கொடுத்து விடலாமா?

ஃப்ரீசரில் இருந்த கறி என்றால் முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் புதிதாக வதக்கிக் கொடுக்கலாம். குழம்பு சேர்க்காமல் வறட்டு வதக்கலாக, முட்டையை நன்றாக வேகவிட்டு, தட்டில் பரப்பி ஆவி போன பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துக் கொட்டி நூடுல்ஸ் நசநசத்துவிடும். இரவே வதக்கி வைத்ததைக் காலையில் சூடு பண்ணி அனுப்புவது வேண்டாம், ஒருமுறை சூடாக்கிய மிச்சத்தை மறுமுறை சூடாக்கக் கூடாது. பதினோரு மணி இடைவேளையில் தின்றுவிடு என்று சொல்லி அனுப்புங்கள், மதியம் வரை எப்படியும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.